பேச்சிமுத்துவின் காதும் டீச்சரின் அம்பாசடரும்

ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கும் அரிசி மண்டிக்கும் நடுவே ஒரு சந்து உள்ளே போகிறது. அதன் கடைசியில் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று. போர்டு கிடையாது. வாசலில் பழைய சைலன்சர்கள் பலாப்பழம் காய்த்த மாதிரி தொங்கும், அதுதான் போர்டு. சைலன்சர் பேச்சிமுத்து எங்கே என்று கேட்டால் மிளகாய்க் கடைக்காரர் தும்மிக்கொண்டே கை காட்டுவார்.

செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து முப்பது வருஷத்தில் பேச்சிமுத்து பேர் வாங்கியது கையால் அல்ல, காதால். சைலன்சர் மாட்டுவதற்கு ஊரில் எத்தனையோ பேர் உண்டு. வண்டியின் அடியில் எந்த இணைப்பில் புகை கசிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இவர் ஒருவர்தான். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாசைப் பாதியில் நிறுத்தி, "தம்பானூர்ல நாகர்கோவில் பஸ்சு கெளம்புது. சைலன்சரத் தாங்குற ரப்பர் போச்சு, கரமனை தாண்டாது" என்றாராம். கரமனைப் பாலத்தில் சைலன்சர் தரையில் உரசித் தீப்பொறி பறக்க, பஸ் நின்றேவிட்டதாம். அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்ததாகச் சத்தியம் செய்பவர்கள் ஆரியசாலையில் மட்டும் இருநூறு பேர். அத்தனை பேர் ஏறினால் ரப்பர் என்ன, பாலமே போயிருக்கும்.

மனைவி நாச்சியாருக்கு இந்தக் காது ஓர் உபத்திரவம். அடுக்களையில் அவள் தங்கச்சியோடு போனில் கிசுகிசுத்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பதில் வரும்: "என்னது, நான் கஞ்சனா?"

அப்படிப்பட்ட காது இரண்டு மாதமாக அடைத்துக் கிடந்தது.

முதலில் மிளகாய்க் கடைக்காரரின் தும்மல் கேட்காமல் போயிற்று. பிறகு ஆட்டோ ஹாரன் ஏதோ கம்பளிக்குள் வைத்து அடித்ததுபோல் மங்கிற்று. பேச்சிமுத்து யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அப்பா செங்கோட்டையில் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். ஐம்பத்தோராம் வயதில் காது அடியோடு போய், அப்புறம் இருந்த பதினெட்டு வருஷமும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார், எதற்கென்று தெரியாமலே. பேச்சிமுத்துவுக்கு இந்த ஆவணியில் ஐம்பத்தொன்று.

டாக்டரிடம் போகலாம்தான். போனால் டாக்டர் வாயைத் திறந்து சொல்லிவிடுவார். சொல்லாதவரைக்கும் அது வெறும் சந்தேகம்தானே? அதனால் தினமும் படுக்கும் முன் பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு, எண்ணெய் மேல் பாரத்தைப் போட்டுப் படுத்தார். காதோ நாளுக்கு நாள் இன்னும் இறுகிற்று.

அப்போதுதான் ரத்னாபாய் டீச்சரின் வெள்ளை அம்பாசடர் சந்துக்குள் வந்தது. வந்தது என்பதைவிட இடியாய் இடித்தது என்பதே சரி. அதற்கு இருபத்தைந்து வயது. டீச்சர் குடியிருக்கும் சங்குமுகத்துக் கடல்காற்று சைலன்சரை அப்பளமாக்கியிருந்தது. அது உறுமிய உறுமலில் மிளகாய் மூட்டைமேல் தூங்கிய பூனை அன்றைக்கே ஊரைவிட்டுப் போனது. பேச்சிமுத்துவுக்கு மட்டும் அது சாதாரண வண்டி வருவதுபோல் இருந்தது.

"எப்பா பேச்சிமுத்து, நாளைக்குக் காலத்த பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல டெஸ்டு. இந்தச் சவம் பாஸானாத்தான் இன்னும் அஞ்சு வருசம் ஓட்டலாம். நீதான் பாத்துக்கணும், கேட்டியா?" என்றார் டீச்சர். குழித்துறைக்காரர், முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேசுவது தொழிலோடு ஒட்டிக்கொண்டதால், அவர் பேச்சு மட்டும் பேச்சிமுத்துவுக்குக் குறையில்லாமல் கேட்டது.

"டீச்சரே, கம்பெனி சைலன்சர் இனி கெடைக்காது. கோயம்புத்தூர்ல ஸ்டெயின்லெஸ்ல அடிச்ச வெளி உருப்படி ஒண்ணு இருக்கு. நீளம் கொஞ்சம் கூடுதல். வெட்டித்தான் ஏத்தணும்."

"சத்தம்?"

"பூனை நடக்குற மாதிரி இருக்கும்."

"எந்தப் பூனைன்னு சொல்லு. இப்பம் ஒண்ணு குதிச்சு ஓடுச்சே, அதா?"

வண்டியை ஜாக்கியில் தூக்கினார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் காட்டிவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தார். பழைய சைலன்சர் மூன்று துண்டாகவும் ஒரு முறம் துருவாகவும் கீழே வந்தது. புதிய குழாயை வைத்துப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு, கிரைண்டரை எடுத்தார். எடுக்கும் முன் வழக்கம்போல ஒரு காரியம் செய்தார். ஷெட்டின் மூலையில் ஒரு வாளித் தண்ணீரில் தேங்காய் நார் எப்போதும் ஊறிக் கிடக்கும். பக்கத்தில் ஒரு கொத்துக் காய்ந்த நார். காய்ந்ததில் இரண்டு சிட்டிகை கிள்ளி, எண்ணெயில் தொட்டு உருட்டி, காதுக்கு ஒன்றாகத் திணித்துக்கொண்டார். கிரைண்டர் சத்தத்துக்குப் பஞ்சு வைப்பது பலவீனமானவர்களின் வேலை என்பது அவருடைய கொள்கை.

ஊறிய நார் வேறு வேலைக்கு. குழாயை ஏற்றி, புது கேஸ்கெட் வைத்து, கிளாம்ப் முறுக்கி, ரப்பரில் தொங்கவிட்டதும், காதில் இருந்ததை உருவி எறிந்தார். டீச்சரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து எஞ்சினை ஓடவிடச் சொன்னார். ஈர நாரைப் பந்தாக்கி வண்டியின் வால்குழாயை அடைத்தார். வெளியே போக வழி இல்லாத புகை, எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே சீறும். அந்தச் சீறலைக் கேட்டு இடத்தைச் சொல்வதுதான் பேச்சிமுத்துவின் வித்தை.

வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. சத்தம் போடாமல் எழுந்துபோய், ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் கலந்துவந்து, பஞ்சர் கடைக்காரன் டியூபுக்குப் பூசுவதுபோல இணைப்புகளில் பூசினார்.

டீச்சர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அது என்னது? வண்டியக் குளிப்பாட்டுறியா?"

"புது முறை டீச்சரே. ஜப்பான்ல இப்பம் இப்டித்தான்."

பின்பக்க இணைப்புகளில் குமிழி வரவில்லை. எஞ்சினுக்குக் கீழே சூட்டில் சோப்பு பூசினால் உடனே காய்ந்துவிடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று பேச்சிமுத்து மனசாரத் தீர்மானித்துக்கொண்டார். நாரை உருவிவிட்டு, "ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றார்.

டீச்சர் பழவங்காடி கணபதி கோயில் வரை போய்த் திரும்பி வந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு விசில் அடிக்குதே. எந்தப் பக்கம்னு நீயே சொல்லு."

பேச்சிமுத்து தலையைச் சாய்த்து, முகத்தில் பழைய பெருமையை வரவழைத்து, "பின்பக்கம்" என்றார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் கேட்காமலே தலையாட்டும் பிள்ளைகளை முப்பத்துநாலு வருஷம் கண்டுபிடித்தவர் டீச்சர். வண்டியை விட்டு இறங்கி, பேச்சிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவான குரலில், "பேச்சிமுத்து, உன் கைலியில தீ" என்றார்.

பேச்சிமுத்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேச்சிமுத்து, நாச்சியார் வீட்ட வித்துட்டாளாம்."

ஸ்பானர் பளபளத்தது.

டீச்சர் முன்னால் வந்தார். "எத்தன நாளா?"

இந்தக் கேள்விக்கு ஜப்பானைக் கூப்பிட முடியாது என்று பேச்சிமுத்து ஸ்பானரைக் கீழே வைத்தார். "ரெண்டு மாசம் டீச்சரே" என்றார். "எங்கப்பாவுக்கும் இதே வயசுலதான். காது போச்சுன்னா நான் வெறும் கொல்லன்கூட இல்ல. தகரத்தத் தூக்கிட்டு நிக்கிற ஆளு."

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"காட்டுனா சொல்லிருவாங்கல்லா."

"ஏறு வண்டியில."

"கடை..."

"கடைய மிளகாய் பாத்துக்கிடும். ஏறுடே!"

பழவங்காடியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மாடியில், டீச்சரிடம் கணக்குப் படித்த ஆர்ஷா, காது மூக்குத் தொண்டை டாக்டராக இருந்தாள். இரண்டு படி ஏறியதும் பேச்சிமுத்து திரும்பி இறங்கப் பார்த்தார். தேர்வுத்தாள் வாங்கப் போகிற பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆர்ஷா விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு வலது காதுக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இடது காதையும் பார்த்தாள். அவள் முகத்தையே பார்த்திருந்த பேச்சிமுத்து, அப்பாவின் அந்தக் காரணமில்லாத சிரிப்பை இப்போதே பழகிக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

"அண்ணா, பேடிக்க வேண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல. ஆடாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். இடுக்கி உள்ளே போனது. ஏதோ நகர்ந்தது. மண்டைக்குள் ஓர் அலமாரியை இழுப்பதுபோல் இருந்தது. பிறகு தட்டில் 'டக்' என்று கறுப்பாய், கெட்டியாய், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பொருள் விழுந்தது. அந்த 'டக்' பேச்சிமுத்துவுக்கு இடிமுழக்கமாய்க் கேட்டது.

நார். என்றைக்கோ கிரைண்டருக்காகத் திணித்து, உருவும்போது பாதி அறுந்து உள்ளேயே நின்றுபோன நார். அதன்மேல் காதின் அழுக்கு. அதற்குமேல் அன்றாடம் ஊற்றிய பூண்டு எண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளுக்கொரு புது நாரால் இடித்து இடித்து உள்ளே தள்ளிய வேலை. இடது காதிலிருந்தும் அதன் தம்பி ஒன்று வந்தது.

"இத யாரு இவ்வளவு டைட்டா ஃபிட் பண்ணினது?" என்றாள் ஆர்ஷா.

"இவனேதான்" என்றார் டீச்சர். "ரெண்டு மாசமா ஒரு துளி கசியல. நல்ல வேலைக்காரன்."

பேச்சிமுத்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு தன் காதிலேயே கேட்டதும் இன்னும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே மேலே பார்த்து, "டாக்டரே, அந்த ஃபேன் பேரிங் ஒரு வாரம்தான் தாங்கும்" என்றார்.

கீழே இறங்கினால் ஊர் முழுக்க அவருக்காகவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆட்டோக்கள், கண்டக்டர் விசில், கணபதி கோயில் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிதறுகிற தேங்காய்கள். சிதறலில் எது இளசு, எது முற்றல் என்றுகூட அவருக்குப் பிரிந்து கேட்டதாம். டீச்சர் சாவியைத் திருகியதுதான் தாமதம், பேச்சிமுத்து கையை உயர்த்தினார்.

"முன்பக்கம். எஞ்சின்லருந்து எறங்குற எடத்துல, கேஸ்கெட் ஓரம். ரெண்டாவது நட்டு கால் சுத்து."

"பின்பக்கம்னு சொன்னது யாரு?"

"அது செவிடன் சொன்னது டீச்சரே."

தெருவோரத்திலேயே பானெட்டைத் திறந்து, சுடச்சுட அந்தக் கால் சுற்றை முறுக்கினார். விசில் நின்றது. மறுநாள் டெஸ்டில், எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று ஆபீசர் குனிந்து பார்க்க வேண்டியிருந்ததாக டீச்சர் சொல்லிவருகிறார். அதில் பாதியை நம்பலாம். பாஸானது முழு உண்மை.

காது திறந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன பேச்சிமுத்து, விஷயத்தை உடனே சொல்லவில்லை. இரண்டு மாதமாய் நாச்சியார் தைரியமாய் என்னென்ன பேசுகிறாள் என்று ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டாமா? முகத்தை மந்தமாக வைத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தார். நாச்சியார் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் விளக்கினாள்.

"வந்தாச்சு, கல்லுப் பிள்ளையாரு மாதிரி உக்காந்தாச்சு" என்றாள் தனக்குள். அடுத்து என்ன வரப்போகிறதோ என்று பேச்சிமுத்து காதைத் தீட்டிக்கொண்டார். குழாய்த் தண்ணீர் ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் அவள் குரல் இன்னும் இறங்கிற்று. "கணபதியே, இந்த மனுசன் வாயத் தொறந்து சொல்லமாட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்காரு. காத மட்டும் திருப்பிக் குடுத்துரு. பதினோரு தேங்கா ஒடைக்கிறேன்."

பேச்சிமுத்து எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"நாச்சியா, இருபத்தொண்ணா ஒடைப்போம்" என்றார்.

அவள் கையிலிருந்த எவர்சில்வர் குண்டான் தரையில் விழுந்து, சுற்றி, உருண்டு, வெகுநேரம் கழித்து அடங்கியது. பேச்சிமுத்து கடைசிச் சத்தம் வரை நின்று கேட்டார்.