கணவரைக் கூட்டிவரச் சொன்ன ஸ்டெல்லா டாக்டர்

ஸ்டெல்லா டாக்டர் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி, செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது கைப்பேசியில் வந்தது. "ஓரமா நில்லும்மா" என்று யாரோ சத்தம் போட்டார். ரயிலை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை நானும் என் கணவர் குமாரும் வேறொரு பெரிய மையத்தில் மறுபடி குழந்தைப்பேறு சிகிச்சை தொடங்குவதாக இருந்தோம். வேண்டாம் என்று டாக்டர் சொன்ன சிகிச்சை அது. சண்டை போட ஆளில்லாமல் போய்விட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

கீழ்க்கட்டளை கிளினிக்கில் அவரிடம் போன உங்களுக்கெல்லாம் தெரியும்: மனைவி மட்டும் வந்தால் சிகிச்சையைத் தொடங்க மாட்டார். நான் மாமியாரோடு போயிருந்தேன். அதற்குள் ஸ்கேன், கருக்குழாய் பரிசோதனை, விரதம் எல்லாம் ஆகியிருந்தன, எல்லாம் எனக்கு மட்டும்.

"வீட்டுக்காரர் வரலையா?"

"அவனுக்கு இன்னா கொறை டாக்டர்? நல்லா திடமா கீறான்" என்றார் மாமியார்.

"திடத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்ல, கத்தியும் இல்ல. அதைப் பண்ணாம இந்தப் பொண்ண எதுக்குக் குத்தணும்?"

பொழிச்சலூர் வீடு வந்து சேரும்வரை மாமியார் ஆட்டோவில் முகத்தை வெளிப்பக்கமே திருப்பிவைத்திருந்தார்.

குமாருக்கு உயிரணு மிகக் குறைவு என்று தெரிந்தது. "இது ஆம்பளைத்தனத்துக்குப் போடற மார்க் இல்ல குமார். உடம்புல ஒரு குறை, அவ்ளோதான்" என்றார் டாக்டர். குமார் தலையாட்டினார். அது அவர் மனதுக்குள் போனதா என்று நான் கேட்கவில்லை.

ஒரேயொரு உயிரணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தி, உருவான கருவை எனக்குள் வைத்தார்கள். அதன்பின் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தும்மக்கூடப் பயம். இதைக் கேள்விப்பட்டு டாக்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். "எழுந்திரு. நடந்தா கீழ விழறதுக்கு அது பையில வெச்ச தக்காளி இல்ல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கரு தங்கவில்லை. அந்தச் செய்தியை நர்ஸிடம் விடாமல் அவரே போனில் சொன்னார். "நீ நடந்ததால இல்ல, நீ கவலைப்பட்டதால இல்ல. இத யார் சொன்னாலும் என்கிட்ட பேசச் சொல்லு" என்றார்.

அடுத்தடுத்த முயற்சிகளும் அப்படியே போயின. கருமுட்டைகளும் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒருநாள் என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

"இனிமே வாய்ப்பு ரொம்பக் கம்மி. உன் உடம்ப இன்னும் வருத்த எனக்கு மனசு வரல. ஒண்ணு கேக்கறேன். உனக்குக் குழந்தை வேணுமா, இல்ல கேக்கறவங்க வாய அடைக்கணுமா? ரெண்டும் இருக்கலாம். வீட்ல ரெண்டு பேரும் பேசுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்தேன். டாக்டர் கேட்டதைக் குமாரிடம் சொல்லாமலே புது மையத்தைத் தேடிப் பிடித்தேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் எங்காவது போகத் தோன்றும். அப்படித்தான் நாட்கள் போயின.

புதன்கிழமை பல்லாவரத்தில் அடக்கம். ஜெபம் முடிந்து வெளியே வந்ததும், பைக்கருகே குமாரிடம் கேட்டேவிட்டேன். "ஏங்க, உங்களுக்கு நெஜமாவே இன்னும் ஒரு தடவ பாக்கணுமா?"

அவர் ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "எனக்கு எப்பவோ போதும்னு ஆயிடுச்சு. கொறை என்கிட்ட இருக்கு. நான் எப்படி நிறுத்தலாம்னு சொல்றது? நீ ஆசப்படறேன்னு வந்துகினு இருந்தேன்."

நிறுத்தச் சொன்னால் இவர் உடைந்துபோவாரே என்றுதான் நான் அத்தனை ஊசிகளையும் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போகவில்லை. ஆசை விட்டுப்போய்விட்டதா என்றால், இல்லை. மனம் இன்னும் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை அழுதால் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். அடுத்த அறையில் குமாரும் எழுந்து நிற்கிறார் என்பது இப்போதுதான் என் கண்ணில் படுகிறது.

ஸ்டெல்லா டாக்டரால் எனக்குக் குழந்தை கிடைக்கவில்லை. என் கணவர் கிடைத்தார்.