நரம்பைப் படம் பிடித்த நாளும் கண்ணில் இருந்த இரும்பும்

என் எழுத்து கோணலாக இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் பேசியும் பழக்கமில்லை. ஸ்கேன் எடுக்கப் போகிற பட்டறைக்காரர் யாராவது படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கோவில்பதாகையில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பத்தொன்பது வருடம் கிரைண்டிங் வேலை செய்தேன். 1997 மழைக்காலத்தில், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லாரி உரசி விழுந்தேன். வலது மேற்கையில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது. கைக்கு உயிர் வரவில்லை.

மணிக்கட்டு தொங்கியது. தூக்க நினைத்தால் நினைப்பு முழங்கையோடு நின்றுவிடும். கட்டை விரலின் பின்புறம் தொட்டால் தெரியாது. ஒரு மதியம் தூங்கி விழித்தபோது யாருடைய கையோ என் மார்மேல் கிடந்தது. பயந்து தள்ளிவிட்டேன். அது கட்டிலுக்கு வெளியே போய்த் தொங்கியது. தோள் வலித்த பிறகுதான் என்னுடையது என்று தெரிந்தது.

"இன்னாயா, உன் கைய நீயே தள்ளி வுட்ற?" என்று என் மனைவி செல்வி சிரித்தாள். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நரம்பு டாக்டர் ஒரு அம்மா. ரேடியல் நரம்பு (மேற்கை எலும்பைச் சுற்றி இறங்கி, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துகிற நரம்பு) அடிபட்டிருக்கிறது என்றார். நசுங்கியது என்றால் தானாக வளரும், காத்திருக்கலாம். அறுந்தது என்றால் திறந்து தைக்க வேண்டும். நாள் தள்ளினால் தசை சுருங்கிப் போகும். எது என்று தெரியாமல் திறந்தால், நல்லபடி வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பையும் கெடுத்துவிடலாம். கரண்டு வைத்துப் பார்த்த சோதனையிலும் எது என்று தெரியவில்லை.

"எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து எடுக்கும் படம்) எடுத்துப் பார்க்கலாம். அதுல டிஃப்யூஷன்னு புதுசா ஒரு முறை இருக்கு. மூளைக்குத்தான் எடுக்கிறாங்க. கை நரம்புக்கு இப்பதான் எடுத்துப் பார்க்கிறோம். படம் வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார்.

அது என்னவென்று கேட்க எனக்குக் கூச்சம். செல்விதான் கேட்டாள்.

"நரம்புன்றது மெல்லிசான நாருங்களோட கட்டும்மா. அதுக்குள்ள இருக்கிற தண்ணி, நார் போற வாக்குலதான் சுலபமா நகரும். குறுக்கே நகராது. அந்த நகர்றதைத்தான் மெஷின் பார்க்கும். நார் அறுந்த இடத்துல தண்ணி திசை தெரியாம எல்லாப் பக்கமும் போகும்."

"தண்ணிக்கே வழி தெரியுது. இவருக்கு மார்க்கெட்டுக்கு அனுப்சா ஊட்டுக்கு வர வழி தெரியாது" என்றாள் செல்வி. டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் தொங்குகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரைண்டிங் சக்கரத்தில் இரும்பை வைத்தால் தூள் பறக்கும். சில நாள் கண்ணில் விழும். கண்ணாடி கொடுத்திருந்தார்கள். வேர்வையில் மங்குகிறது என்று யாரும் போடுவதில்லை. கண்ணில் விழுந்தால் சூப்பர்வைசரிடம் போகமாட்டோம். போனால் கண்ணாடி போடாதவன் என்று சக்கரத்தைவிட்டு இறக்கிக் கூட்டுகிற வேலைக்கு அனுப்பிவிடுவார். பக்கத்துச் சக்கரத்துக்காரன் இமையைப் புரட்டி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் காட்டி எடுத்துவிடுவான். எனக்கு ஏகாம்பரம் எடுப்பான். அவனுக்கு நான் எடுப்பேன். பிறகு சூப்பர்வைசர் வந்து, "கண்ணுல இன்னா?" என்பார். "ஒண்ணுமில்ல சார்" என்போம். பத்தொன்பது வருடம் அதே பதில்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"உடம்புல பிளேட்டு, ஸ்க்ரூ ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?"

"இல்ல சார்."

"கண்ணுல இரும்புத் தூள் போயிருக்கா?"

"இல்ல சார்."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

படுக்கவைத்து, வலது கையைச் சுற்றி நுரைப்பஞ்சு வைத்து இறுக்கினார். இடது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். "முடியலைன்னா அமுக்குங்க. ஆனா அசைஞ்சா படம் கலைஞ்சிடும். திரும்பவும் மொதல்லேர்ந்து எடுக்கணும்."

பலகை உள்ளே நகர்ந்தது. பாதி போயிருப்பேன். வலது கண்ணுக்குள் யாரோ நூல் கட்டி மெல்ல இழுத்தது போலிருந்தது. பிறகு சத்தமில்லாமல் ஒரு வெளிச்சம், வெல்டிங் பொறி போல. அது அடங்கியதும் கறுப்பாக ஏதோ மேலிருந்து இழை இழையாக இறங்கியது.

மெஷின் தகரத்தை அடிப்பது போல அடிக்க ஆரம்பித்தது. பந்து கையில்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை. கைக்குள் தண்ணீர் வழி தேடிக்கொண்டிருக்கிறது, இப்போது கலைத்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். மூச்சைக்கூடச் சின்னதாக விட்டேன். வெளியே வந்தபோது அவர், "இவ்ளோ ஆடாம யாருமே படுத்ததில்லைங்க" என்று பாராட்டினார்.

அந்தக் கண் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது குழாயின் உட்புறத்தை. வெளிர் மஞ்சள். அதில் நகம் கீறியது போல ஒரு கோடு. வேறு நல்லதாக ஏதாவது பார்த்திருக்கலாம்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவும் தரையில் போனது.

"இன்னாயா ஊத்துற? டம்ளரு இங்க கீது!" என்ற செல்வி, என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "கண்ணுல இன்னா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அவள் விடவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் சாதாரண எக்ஸ்ரேதான் எடுத்தார்கள். கண் இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. ரொம்ப காலமாக உள்ளே தூங்கிய இரும்பு, காந்தம் இழுத்ததும் நகர்ந்து விழித்திரையைக் (கண்ணின் பின்பக்கம், பார்வை விழுகிற சவ்வு) கிழித்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்து இரும்பை எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டார்.

"உங்களைக் கேட்டாங்க இல்லையா?"

"கேட்டாங்கம்மா."

"உங்க வேலை என்னன்னு எனக்குத் தெரியும். நானே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கணும்" என்றார். அப்புறம் கையின் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். புகை போல மங்கிய கறுப்பில் ஒரு வெள்ளை இழை. முறிவுக்குப் பக்கத்தில் வீங்கி, தேய்ந்து, ஆனால் கீழே தொடர்ந்து போனது.

"அறுபடலை. காத்திருப்போம்."

ஒரு கண்ணால் அந்த இழையைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது.

நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளரும் என்றார்கள். வளர்ந்த முனை எங்கே இருக்கிறதோ அங்கே விரலால் தட்டினால் சுரீர் என்னும். ஞாயிறுதோறும் செல்வி தட்டுவாள். சுரீர் என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டு, என் பட்டறை ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளப்பாள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினால் சாமானைத் திருப்பி அனுப்பிய பட்டறை அது. ஒரு மில்லிமீட்டர் இவ்வளவு பெரியது என்று அங்கே எனக்குத் தெரிந்ததில்லை. இப்போதும் எனக்கு நாள் என்பது காலண்டரில் இல்லை, முழங்கைக்குக் கீழே அந்தப் பேனாக் கோடுகளில் இருக்கிறது.

ஏழாம் மாதம் மணிக்கட்டு எழுந்தது. நான் பார்க்கவில்லை. செல்விதான் கத்தினாள். கை வலது பக்கம், இருட்டும் வலது பக்கம். தலையை முழுதாகத் திருப்பிய பிறகுதான் கண்டேன். யாரோ கூப்பிடுவது போல அது மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

சக்கரத்துக்கு ஒற்றைக் கண் ஆகாது என்று என்னைச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில் போட்டார்கள்.

போன மாதம் ஏகாம்பரத்துக்கு முதுகுவலிக்கு இதே ஸ்கேன் எழுதினார்கள். என் கதை முழுக்கத் தெரிந்தவன். ஆனாலும் எக்ஸ்ரே என்று இன்னொரு நாள் அலையவிடுவார்கள் என்று, "கேட்டா இல்லன்னுட்டு வந்துகினே இருப்பேன் மாமே" என்றான். அவன் கண்ணில் தூள் எடுத்தவன் நான். கூடவே போனேன். அட்டை வைத்திருந்தவர் கண்ணில் இரும்புத் தூள் போயிருக்கிறதா என்று கேட்டார். அவன், "இல்ல சார்" என்றான்.

"இருக்கு சார். நான்தான் காந்தம் வெச்சு எடுத்தேன். எல்லாம் வந்துச்சான்னு எனக்குத் தெரியாது" என்றேன். அந்நிய இடத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு கண்ணும் சுத்தம். ஏகாம்பரம் என் முதுகில் தட்டிச் சிரித்தான். "நைனா, நீ ஒரு தூளு வுடாம எடுத்துக்கீற மாமே! நான்தான் உன் கண்ணுல..."

அதோடு நிறுத்திவிட்டான்.

ஸ்கேனுக்குக் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் என் வலது பக்கம் இருந்தான். முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கட்டை விரலின் பின்புறம் சூடாக எதுவோ வந்து அமர்ந்தது. அவன் கை. அந்த இடத்தில் உணர்வு வந்துவிட்டதா என்று டாக்டரம்மா கேட்கும்போதெல்லாம் சந்தேகமாகச் சொல்லி வந்தேன். வந்துவிட்டது.

எழுதி முடித்த நாள்: 1999 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை.