பின்பக்கத்துக் கயிறு

புது வாணிஷின் மணம் எங்கள் கடலின் பாசி மணத்தையே மடக்கிவிட்டது. வள்ளம் அனலைதீவு இறங்குதுறையை நெருங்குமுன்பே, அக்காவின் சீதன அலுமாரி வந்துகொண்டிருக்கிறது என்பதை என் மூக்கு சொல்லிவிட்டது. தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த, எங்களைப் பெற்ற ஐயா, அங்கே சொல்லிச் செய்வித்த தேக்கு அலுமாரி அது. ஆளுயரக் கண்ணாடி பதித்த கதவோடு ரயிலிலும் லொறியிலும் ஊர்காவற்றுறை வரை வந்து, கடைசியில் சின்னராசா அண்ணையின் வள்ளத்தில் ஏறியிருந்தது. கலியாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. கலியாணப் பெண் துறைக்கு வரக்கூடாது என்று அம்மா மறித்தும் கேளாமல் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தக் கலியாணத்தில் எனக்கென்று வேறொரு கவலை இருந்தது. மார்கழியில் சோதனை எழுதியிருந்தேன். மேலே விஞ்ஞானம் படிக்க யாழ்ப்பாணத்து விடுதியில் சேர வேண்டும். ஐயாவோ, "பெட்டைக்கு உந்த விசையும் கிசையும் என்னத்துக்கு? கலியாணம் முடியட்டும், பாப்பம்" என்று சொல்லி வைத்திருந்தார். அவருடைய "பாப்பம்" பெரும்பாலும் "இல்லை" என்பதற்கு மரியாதையான பெயர் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் துறையில் வள்ளம் கட்டும் விதம் இப்படி: பக்கவாட்டில் அணைத்து, முன்பக்கத்தை மட்டும் ஒரு கயிற்றால் கட்டுவார்கள், பின்பக்கத்தில் சின்னராசா அண்ணை நின்று, துறையின் கட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கிழவிகளும் கைக்குழந்தைக்காரரும் ஆடும் அந்த வள்ளத்திலிருந்து அசையாமல் இறங்கிப் போவார்கள். ஆயிரம் தடவை அப்படி இறங்கிய எங்கள் சனத்துக்கு, வள்ளம் நிற்பது அவருடைய கையால்தான் என்பது நினைவிலேயே இருக்கவில்லை.

அன்று ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல நேரம் முடியக் கால் மணித்தியாலம் கூட இல்லை. வள்ளத்துக்குள் அலுமாரியைப் பிடித்தவர்கள் பாரம் தாங்காமல் முனக, "சின்னராசா, நீயும் வந்து ஒரு கை போடு!" என்று கத்தினார். சின்னராசா அண்ணை கட்டையை விட்டார்.

தாக்கத்துக்குச் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டென்று சோதனையில் ஒரு பிழையுமின்றி எழுதியவள் நான். அந்த வசனத்துக்குக் கால் முளைத்து வள்ளத்தில் நிற்பதை அன்றுதான் கண்டேன். தரையில் நின்று தள்ளினால் நம் கால் பூமியை உதைக்கும். பூமி அசைந்து கொடுக்காது. தண்ணீரில் கிடக்கும் வள்ளத்துக்கு அந்தக் கனமும் இல்லை, இப்போது பிடிப்பாரும் இல்லை. அலுமாரியை அவர்கள் துறைப்பக்கம் தள்ளினால், அவர்களின் கால்கள் வள்ளத்தைக் கடல்பக்கம் தள்ளும்.

"அக்கா, வள்ளம் விலகப் போகுது. பின்பக்கத்தையும் கட்டவேணும்" என்றேன்.

"என்னட்டைச் சொல்லி என்ன? ஐயாட்டைச் சொல்லடி!"

சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் இருவர் துறையில் நின்றார்கள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே ஒரு பெட்டை அதிகாரம் பண்ணுகிறாள் என்று பெயர் வந்துவிடுமே என்று நாக்கு பின்வாங்கிவிட்டது.

"ஏலேலோ" என்று ஒரே மூச்சில் தள்ளினார்கள். அலுமாரியின் தலை துறையில் ஏறியது. வள்ளத்தின் பின்பக்கம் அமைதியாக, எவரோ கூப்பிட்டதுபோல் கடலுக்குள் திரும்பியது. கடலோ எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. காற்றின் மேல் பழி போடக்கூட வழியில்லை. இடைவெளி அகல, அலுமாரி கால்பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கி, நெஞ்சளவு ஆழத்தில் நிமிர்ந்து நின்றது. கண்ணாடி உடையவில்லை. அதில் எங்கள் எல்லோருடைய முகமும் தெரிந்தது, ஐயாவுடையது மிகவும் கேவலமாக. நான்கு பேர் குதித்துத் தூக்கி எடுப்பதற்குள் நல்ல நேரமும் போய்விட்டது.

பின்னேரம் முற்றத்தில் அலுமாரி காய்ந்துகொண்டிருக்க, ஐயா சின்னராசா அண்ணையை ஏசிக்கொண்டிருந்தார். அக்கா பொறுக்காமல், "அவரை ஏன் பேசுறியள்? இவள் முதலே சொன்னவள்" என்றாள்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னனீ?"

"நீங்கள் அலுமாரியைத் தள்ள, உங்கட கால் வள்ளத்தைத் தள்ளுமெண்டு."

"நாங்கள் ஒருத்தரும் வள்ளத்தைத் தள்ளேல்லை."

"ஓம் அண்ணை, கால் தள்ளினதுதான்" என்றார் சின்னராசா அண்ணை. "அதுக்குத்தானே நான் எப்பவும் கட்டையைப் பிடிக்கிறனான்."

ஐயா எழுந்துபோய் அலுமாரியின் ஈரக் கதவைச் சாத்திப் பார்த்தார். பிறகு, "தெரிஞ்சதை வாய்க்குள்ளை வைச்சிருக்கவோ இவ்வளவு படிச்சனீ?" என்றார். "போய்ப் படி. ஆனால் அங்கையும் போய் உப்பிடி முணுமுணுத்தியெண்டால், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திடு."

பெட்டியைக் கட்ட வேண்டி வரவில்லை. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தேன். என் குரல் மூன்றாவது வகுப்பறை வரை கேட்கிறது என்று அதிபர்மார் முறைப்பட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஊறிப் பெருத்த அந்தக் கதவு பிறகு ஒருநாளும் சரியாகப் பூட்டவில்லை. அக்கா என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்து இடுக்கில் செருகி வைத்தாள். அலுமாரி, அது நின்ற வீடு, ஐயா, சின்னராசா அண்ணை எல்லாம் போயாயிற்று. அக்கா கனடாவில் இருக்கிறாள். போன வருடம் இயந்திரப் படகில் தனியாகப் போய் அதே துறையில் இறங்கினேன். பழைய கட்டை நின்ற இடத்தில் கொங்கிறீற்று. ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது என்னை அறியாமலே, அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது: "பின்பக்கத்தையும் கட்டுங்கோ!"

படகுக்காரப் பொடியன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"கட்டியாச்சு அம்மா" என்றான்.