நாணய டப்பாவை முகர்ந்தவர்

விருதுநகர் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குப் புருவமே இல்லை. வலது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. கம்பியைப் பிடித்தாலும் டிக்கெட்டை வாங்கினாலும் உடனே அந்த விரல்களை முகர்ந்துகொண்டார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஜன்னலோரம் இருந்த என் மகளின் மடியில், பள்ளிக் கண்காட்சிக்கான நாணய டப்பா. சிவகாசியில் பழைய இரும்புக் கடையில் நான்தான் அந்தத் தகர டப்பாவை வாங்கிக் கொடுத்தேன். செம்பு, பித்தளை, நிக்கல் என்று பிரித்து, தீப்பெட்டித் தட்டுகளில் சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தாள். இறுக்கமாக இருக்கிறதா என்று டப்பாவைக் குலுக்கினாள்.

அவர் எட்டி, இரண்டு கையாலும் டப்பாவை அமுக்கிப் பிடித்தார். மூடியின் விளிம்பைத் தடவி முகர்ந்தார்.

"படிச்சவுகதானே நீங்க? மருந்து டப்பால காசப் போட்டு பிள்ளை கையில குடுத்திருக்கீக. ஒரசுனா போதும்."

"கைய எடுங்க. போலீஸக் கூப்பிடுவேன்" என்றேன்.

"கூப்பிடுங்க. அவுகளும் வந்து மோந்து பாக்கட்டும்."

மெதுவாகத் திறந்து, என் பாட்டில் தண்ணீர் முழுவதையும் உள்ளே ஊற்றினார். சீட்டுகள் மிதந்தன. மகள் அழுதாள். நான் கை ஓங்கிவிட்டேன். அப்போதுதான் மூடியின் மடிப்பிலிருந்து வெடிமருந்து சாம்பல் நிறத்தில் வழிவதைப் பார்த்தேன்.

"காசு நனைஞ்சா காயும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

நாணயங்கள் இப்போது துணிப்பைகளில் இருக்கின்றன. வீட்டுக்கு எந்த டப்பா வந்தாலும் முதலில் நான் முகர்ந்து பார்க்கிறேன். எந்த வாசனைக்குப் பயப்பட வேண்டும் என்று அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.