பானை ஓட்டைக் கழுவியவன்

இந்த வருஷம் மே மாதம் ஓர் அரசு அதிகாரியை நான் அழவைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு துணி சோப்பு, கொஞ்சம் தேங்காய் நார் — இவ்வளவுதான் நான் பயன்படுத்தியது. வெட்கத்தில் நாலு மாதமாக, நான் எழுதும் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீசில் நான் கடிதம் டைப் அடிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் குழாய் போடத் தோண்டினார்கள். ஓர் ஆள் ஆழம் போனதும் மண்வெட்டி 'ணங்' என்றது. வெட்டுக்கல் படிகள். ஒன்று, இரண்டு... ஐந்து. கீழ்நோக்கி இறங்குகின்றன. எங்கே? காயலுக்கு! ஆனால் காயல் இப்போது கிடங்குகளுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? அப்படியானால் ஒரு காலத்தில் தண்ணீர் இந்தச் சந்து வரை வந்திருக்கிறது. இது ஒரு படித்துறை.

பழைய கட்டடத்தை யாராவது இடித்தால் மனு எழுதுவதற்கென்று நாங்கள் நாலைந்து பேர் ஒரு குழு வைத்திருந்தோம். செயலாளர் நான். தலைவர் ரோசி டீச்சர் — பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுப்பவர். அதுவரை எங்கள் மனுக்களுக்கு ஒரே மாதிரிதான் பதில் வரும்: 'தங்கள் கடிதம் கிடைத்தது.' அதற்குள் கட்டடம் போயிருக்கும்.

இந்த முறை விடக்கூடாது என்று டீச்சர் குடையோடு பள்ளத்தின் ஓரத்தில் நின்றுவிட்டார். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓவர்சியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"டீச்சரே, மழைக்கு முன்னாடி குழாய் இறக்கணும். நிறுத்தணும்னா ஆர்டர் வேணும். ஆர்டர் உண்டோ?"

"வரும்."

"வரட்டே. அப்போ நிறுத்தாம்."

தொல்லியல் துறைக்குத் தந்தி அடித்தேன். மறுநாள் டிரங்கால் போட்டேன். 'சம்பந்தப்பட்டவர் டூரில் இருக்கிறார்' என்றார்கள். அதற்கடுத்த நாளும் அவர் டூரில்தான் இருந்தார். பள்ளி விடுமுறை என்பதால் டீச்சர் பகலெல்லாம் குடையோடு அங்கேயே இருந்தார். நான் மதிய இடைவேளையில் போய் நிற்பேன். எங்களைப் பார்த்து ஓவர்சியர் சந்தின் மறு கோடியில் தோண்டச் சொன்னார். பாவம், அவரும் எத்தனை பேரோடுதான் சண்டை போடுவார்?

இதற்கிடையில் படிகளைச் சுற்றி எடுத்த மண்ணில் பானை ஓடுகள் கிடைத்தன. நீலப்பூ போட்ட வெள்ளைப் பீங்கான் துண்டுகளும் இருந்தன. தோண்டும் ஆட்கள் எடுத்து எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். அதிகாரி வரும்போது சேறும் சகதியுமாகவா காட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேய்த்துக் கழுவினேன். வெயிலில் காயவைத்தேன். பெரியது, நடுத்தரம், சின்னது என்று பிரித்து, ஆபீஸ் மேஜைமேல் வெள்ளை வேட்டி விரித்து அடுக்கினேன். கல்யாணச் சீர்வரிசை தோற்றது.

செவ்வாய்க்கிழமை வந்தார் அதிகாரி. பெயர் சாவித்திரி. முப்பது வயதுகூட இருக்காது. பாலக்காட்டுக்காரர். தோளில் ஒரு துணிப்பை, காலில் சேறு — நேரே பள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"இதை யாராக்கும் அலம்பினது?"

"நான்தான்" என்றேன், பெருமையோடு.

"எல்லாத்தையுமா?"

"ஒன்று விடாமல்."

ஒரு பானையின் அடிப்பாகத்தைக் கையில் எடுத்தார். "இதுல கரி ஒட்டிண்டிருந்ததோ?"

"மேடம், அதை எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆச்சு!"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது.

"அந்தக் கரியை வச்சு அதுல சமைச்சாளான்னு சொல்லலாம். எது மேல் மண்ணுல கிடைச்சது, எது படிக்குப் பக்கத்துல கிடைச்சதுன்னு தெரிஞ்சா, படி எந்தக் காலம்னு சொல்லலாம். நீங்க பெரிசு சின்னதுன்னு வலுப்பம் பாத்து அடுக்கியிருக்கேள்! இனி இதெல்லாம் வெறும் ஓடு. நான் என்னத்தை எழுதி, எப்படி வேலையை நிறுத்தறது?"

நானோ பதினாறு வருஷமாக இந்த ஊரின் பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று மேடை கிடைத்த இடத்திலெல்லாம் பேசுகிறவன். காலத்தால் அழியாததை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அழித்திருக்கிறேன். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா?

வாசலில் நின்றிருந்தவர் காதர்பாய். மண் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவருக்கும் பாலக்காடு பக்கம்தான். தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"ஒரு காரியம் பறையட்டா, அம்மா? படிக்குச் சமீபம் இருந்தது கருத்த சேறு. சிப்பியெல்லாம் கெடக்கும். மேல இருந்தது சிவந்த மண்ணு. ரெண்டையும் நான் கலக்கல்ல. தனித்தனியா கூட்டி வச்சிருக்கேன்."

சாவித்திரி எழுந்துவிட்டார். "ஏன் தனியா வச்சேள்?"

"கருத்த சேறு தெங்குக்கு நல்ல வளமாக்கும். வைப்பின் தீவுல ஒருத்தர் கேட்டிருக்கார். நேத்து ஒரு வள்ளம் போச்சு. பாக்கி இங்கதான் கெடக்கு."

"போச்சா?"

"போச்சு. ஆனா எந்தத் தெங்குக்கு இட்டாங்கன்னு எனக்குத் தெரியும்."

அடுத்த அரை மணியில் சாவித்திரியும் காதர்பாயும் நானும் வைப்பின் போகும் படகில் இருந்தோம். தென்னந்தோப்புக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கொடுத்த சேற்றைத் திருப்பிக் கேட்டு அரசாங்கமே வந்தால் அவர்தான் என்ன நினைப்பார்? விஷயத்தைச் சொன்னதும், "ஓடு எடுத்துக்கோ, சேறு மாத்திரம் இங்க இருக்கட்டே" என்று சாயா போடச் சொன்னார். இருவரும் ஆறு மரத்தடியைக் கிளறினார்கள். ஒரு கை நிறைய ஓடு கிடைத்தது. நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படித்தான் எனக்கு உத்தரவு.

மிச்சமிருந்த குவியல்களைச் சலிக்க ஆள் வேண்டும், சல்லடை வேண்டும். இரண்டுமே எங்கள் கிடங்கில் இருந்தன. மிளகில் கல் பொறுக்கும் பெண்கள் எட்டுப் பேர் வேலை முடிந்ததும் சல்லடையோடு வந்தார்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சேற்றைக் கரைத்தார்கள். சாவித்திரி ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தார். மிளகுக்கும் மண்ணாங்கட்டிக்கும் வித்தியாசம் பார்த்துப் பழகிய விரல்கள்! நகத்தளவு பீங்கான்கூடத் தப்பவில்லை. ஓடு வந்ததும் சாவித்திரி அதைப் பைக்குள் போட்டு, எந்த மண், எந்தக் குவியல் என்று சீட்டு எழுதிக் கட்டினார். மூன்று சாயங்காலம். மேகம் வேறு கறுத்துக்கொண்டே வந்தது.

அந்தப் பைகளை எடுத்துக்கொண்டு போய் மேலதிகாரியைப் பிடித்து, சாவித்திரி ஆர்டர் வாங்கி வந்தார். குழாயை வளைத்துக் கொண்டு போக வேண்டும், படிகளைத் தொடக்கூடாது. ஓவர்சியர் கையெழுத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ரோசி டீச்சர் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக்கொடுத்தார். ஜெயித்துவிட்டோம்!

அந்தச் சந்தோஷம் எத்தனை நேரம்? பழம்பொரி ஆறுவதற்குள் சாவித்திரி சொன்னார்: "நாளைக்கு நாலு லோடு மணல் வேணும். பள்ளத்தை மூடிடலாம்."

டீச்சர் குடையைக் கீழே போட்டுவிட்டார். "மூடறதா? மூடக்கூடாதுன்னுதானே இத்தனை நாள் வெயில்ல நின்னேன்!"

நானும் கத்தினேன். வேலி போடலாம், பலகை வைக்கலாம், பள்ளிக் குழந்தைகளைக் கூட்டி வரலாம் என்றேன். சாவித்திரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டா இந்தக் கல்லு பொடிஞ்சு போகும், சார். பொடியலைன்னாலும் ஆளுக்கு ஒண்ணா எடுத்துண்டு போய் துணி துவைக்கப் போட்டுண்டுடுவா. இத்தனை காலம் இதைக் காப்பாத்தினது மண்ணாக்கும். அதுகிட்டயே திருப்பிக் கொடுக்கலாம்."

வேலை தெரிந்தவர்களோடு இதுதான் தொல்லை. அவர்கள் சொல்வது நமக்குப் பிடிப்பதே இல்லை. ஆனால் சரியாக இருந்து தொலைக்கிறது. மணல் கொட்டும்போது டீச்சர் வரவில்லை. நான் போனேன். கடைசிப் படி மறையும்போது திரும்பிக்கொண்டேன். அன்று சாயங்காலம் மழை பிடித்தது.

போன வாரம் சாவித்திரியின் அறிக்கை தபாலில் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த இருபது பக்கம். நான் கழுவியவற்றுக்கு ஒரே வரி: 'சுத்தம் செய்யப்பட்டவை, கிடைத்த இடம் தெரியவில்லை.' சுத்தம் செய்த ஆளின் பெயர் இல்லை — பெரிய மனசு. ஆனால் ஏழாம் பக்கத்தில், மண் அடுக்குகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில், 'மேஸ்திரி காதர் தந்த தகவலின்படி' என்று இருந்தது.

காதர்பாயைத் தேடிப் போய்க் காட்டினேன். விரலை லுங்கியில் துடைத்துவிட்டு அந்த வரியைத் தொட்டார்.

"இதுவா எம்பேரு? எனக்கு மலையாளம் மாத்திரம்தானே வாசிக்க வரும், சாரே. அடியில மலையாளத்துல ஒண்ணு எழுதித் தரலாமா? வீட்டுல காட்டணும்."

அரசாங்க அறிக்கையில் பேனா வைக்கக் கூடாதுதான். வைத்தேன்.