ரைட் என்றால் போ

என் கணவர் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓடும் பஸ்ஸில் கொண்டக்டர். அவர் படியில் நின்று "ரைட்" என்று கத்தினால்தான் பஸ் புறப்படும். அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்: போ.

ஆட்டோ லைசன்ஸுக்கு ட்ரயல் ஓடப் போனேன். சந்தி வந்ததும், பின்னால் இருந்த பரீட்சகர் "ரைட்" என்றார். நான் நேரே போனேன்.

"அக்கே, கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கத்தினார். அவர் வலது பக்கம் திரும்பச் சொல்லியிருக்கிறார். பெயில்.

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரைட் சொன்னவுடன நேரா போக, அதென்ன என்ட பஸ்ஸா?"

"உங்கட சத்தம் கேட்டுப் பழகின காதுதானே" என்றேன்.

மறுமுறையும் அதே பரீட்சகர், அதே சந்தி. "ரைட்" என்றார்.

"சேர், போகவா, திரும்பவா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வலது பக்கத்தைக் காட்டினார். சிக்னல் போட்டு அழகாகத் திரும்பினேன். பாஸ்.

இப்போது வெள்ளவத்தை வரை என் ஆட்டோ ஓடுகிறது. யார் ரைட் என்றாலும், போகவா திரும்பவா என்று கேட்டுக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து "ரைட்" என்பார். அவரிடம் மட்டும் கேட்பதில்லை. வண்டியை எடுத்துவிடுவேன்.