தராசோடு கட்டிய மாறி

ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கம்ப்யூட்டரோடு இணைத்த தராசில் முருங்கைக்காய்க் கட்டுகளை எடை போட்டுச் சீட்டு அடிக்கும் ப்ரோகிராம் ஒன்று இருக்கிறது. பெர்ல் மொழியில் எழுதியது. எழுதியவர் வடமதுரைப் பக்கம் கோழிப்பண்ணை வைக்கப் போய்விட்டதால், திண்டுக்கல்லில் இருக்கும் என்னிடம் அது வந்து சேர்ந்தது.

ஒருநாள் மண்டிக்காரர் போன் செய்தார். "ஏனுங்க மேடம், சீட்டுல எடை சைபர்னு வருதுங்க. காய் வாங்க வர்ற கேரளாக்காரங்க சிரிக்கிறாங்க."

பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த லோடுமேன் தூக்கும் கட்டுகளுக்குத்தான் சைபர் வந்தது. பழைய லோடுமேன் தூக்கினால் எடை சரியாக இருந்தது.

"கை ராசிங்க" என்றார் மண்டிக்காரர், மழை வரும் என்பதுபோல. புதியவரை வெங்காயத்துக்கு மாற்றியும் விட்டார்.

ப்ரோகிராமைத் திறந்தேன். எடைக்கான மாறியை, அதாவது வேரியபிளை, அறிவிக்கும் இடத்தில் ஒரு முக்காற்புள்ளியும், அதை ஒட்டி ஒரு சொல்லும் இருந்தன. பெர்லில் அதை ஆட்ரிபியூட் என்பார்கள். அந்த ஒற்றைச் சொல் மாறியைத் தராசோடு கட்டிவிட்டிருந்தது. சாதாரண மாறி, போட்டதை வைத்துக்கொண்டிருக்கும். இது எதையும் வைத்துக்கொள்ளாது. படிக்கும்போதெல்லாம் தராசிடம் போய்க் கேட்டுவிட்டு வரும்.

ப்ரோகிராம் அதை இரண்டு முறை படித்தது. எடை நிலைத்ததா என்று முதலில் பார்த்து, மணி அடித்து, பிறகு சீட்டில் அச்சிட இன்னொரு முறை. பழையவர் மணி அடித்த பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டுதான் கட்டைத் தூக்கக் குனிவார். புதியவர் உடனே தூக்கிவிடுவார். இரண்டாவது முறை கேட்கும்போது வெறும் தராசு, சைபர் என்று உண்மையைச் சொன்னது.

எழுதியவருக்குப் போன் போட்டு, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"அப்ப பாக்க அழகா இருந்துச்சு" என்றார். பின்னால் கோழிகள் கத்தின.

மணி அடிப்பதற்கு முன்பே எடையைச் சாதாரண மாறி ஒன்றில் எடுத்து வைத்து, சீட்டுக்கு அதையே கொடுத்தேன். புதியவரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னோம். சீட்டில் எடை வந்தது. மண்டிக்காரர் அதைத் திருப்பியும் பார்த்தார்.

"அப்ப ராசி இல்லீங்களா?"

"இல்லைங்க. அவரு வேகமாத் தூக்குறாரு. அம்புட்டுதான்."

புதியவர் என்னிடம் வந்தார். "அப்ப என் கை மேல குத்தமில்லைல்ல?"

"இல்லைங்க."

"வீட்டுல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டிவிட்டுட்டாக." மணிக்கட்டைக் காட்டினார். கறுப்புக் கயிறு.

"அவுத்துறலாமே" என்றேன்.

"இருக்கட்டும். கட்டுனவகளுக்கு வருத்தமாயிரும்."

மறுநாளிலிருந்து அவர் முருங்கைக்காய்க்கே திரும்பிவிட்டதாக மண்டிக்காரர் சொன்னார். லோடு சீக்கிரம் ஏறுகிறதாம். அதற்கு அந்தக் கயிறுதான் காரணமாம்.